நெடி புதுக் கம்ப்யூட்டரில் இருந்தா, மேஜைக்கு அடியில் இருந்தா?

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு வீட்டுக்குப் புதிதாக டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள், அதை வைக்க ஒரு புது மேஜையும். மகள் இன்ஜினியரிங் முதல் வருடம், கணவருக்கும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. பத்துக்குப் பத்து அறை, ஏ.சி. போட்டிருப்பதால் ஜன்னலைத் திறப்பதே இல்லை. உள்ளே நுழைந்தாலே பெயின்ட் கடைக்குள் போன மாதிரி நெடி, கண் எரிச்சல், அரை மணி நேரத்தில் தலைவலி. பன்னிரண்டு வயது மகனுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு, அவன் தூங்குவதும் அந்த அறையில்தான். கடையில் கேட்டதற்கு "புதுச் சாமான்னா அப்படித்தாங்க இருக்கும், பத்து நாள்ல போயிரும்" என்றார்களாம், போகவில்லை. மாமியார் தினமும் சாயங்காலம் அந்த அறைக்குள் சாம்பிராணி போடுகிறார். இன்டர்நெட்டில் தேடியதில் கம்ப்யூட்டர் பிளாஸ்டிக்கிலிருந்து வரும் ரசாயனத்தால் புற்றுநோய் வரும் என்று படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "யு.பி.எஸ். மட்டும் பழையதே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம், ஐந்து வருடம் ஆகிறது, சில நாள் ராத்திரி மேஜைக்கு அடியில் அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வருகிறது, யு.பி.எஸ். மேல் கால் பட்டால் சூடாகத் தெரிகிறது, எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்றும் தேடிப் பார்த்துவிட்டோம்."

சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், அந்த யு.பி.எஸ்ஸை இன்றைக்கே நிறுத்துங்கள்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. முட்டை நாற்றம் என்றதும் நம் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சமையல் கேஸ். சிலிண்டர் கேஸுக்குத் தானாக வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு கந்தகச் சேர்மத்தைக் கலந்துதான் அனுப்புகிறார்கள், அந்த நாற்றமும் ஏறக்குறைய இதே ஜாதி. சமையலறையில் நாற்றம் கூடுதலாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ஆனால் நீங்கள் சொல்வது சமையலறையிலிருந்து தள்ளி இருக்கிற படுக்கையறை, மேஜைக்கு அடியில் மட்டும், கூடவே சூடு. அந்தச் சூடுதான் எனக்குத் துப்புக் கொடுத்தது. எலி செத்தால் நாறும், சுடாது.

வீட்டு யு.பி.எஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி, செங்கல்லைவிடக் கொஞ்சம் சின்னது. உள்ளே இரண்டிரண்டு வோல்ட்டாக ஆறு அறைகள் (செல்), ஈயத் தகடு, கந்தக அமிலம். 'சீல்டு' என்று பெயர் இருந்தாலும் முழுக்க மூடியது இல்லை, அழுத்தம் ஏறினால் வாயு வெளியேற வால்வு வைத்திருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது இரண்டு மூன்று வருடம் உழைத்தால் பெரிது, உங்களுடையது ஐந்து வருடம் ஓடியிருக்கிறது. வயதானபின் ஆறு அறையில் ஒன்று ஷார்ட் ஆகிவிடும். சார்ஜருக்கு அது தெரியாது, ஆறு அறைக்கான மின்னழுத்தத்தை மிச்சமிருக்கும் ஐந்து அறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி சூடாகும், உள்ளே தண்ணீர் வற்றும், பக்கவாட்டில் உப்பும், கடைசியில் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டையில் வருகிற அதே வாயுதான் இது. கூடவே ஹைட்ரஜனும் வரும், அதற்கு வாசனையே இல்லை, ஆனால் காற்றில் நாலு சதவீதம் சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

ஹைட்ரஜன் சல்பைடிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும், ஆனால் அளவு ஏறிப் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்கிற கணக்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். அந்த நிலைக்கு உங்கள் அறை போயிருக்காது, போயிருந்தால் இந்தக் கடிதத்தை நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் "முந்தாநாள் நாறியது, இன்றைக்கு இல்லை, சரியாகிவிட்டது போல" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பூட்டிய அறை, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிற பேட்டரி, நாலடி தள்ளித் தூங்குகிற வீசிங் பையன். எனக்குக் கவலை தருவது இதுதான், உங்கள் புதுக் கம்ப்யூட்டர் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஜன்னலைத் திறந்துவிட்டுக் கம்ப்யூட்டரை முறையாக அணையுங்கள், யு.பி.எஸ்ஸில் இருக்கிற பட்டனையும் அணைத்து, சுவர் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் பேட்டரியிலிருந்து ஓடிக்கொண்டு கீ கீ என்று கத்தும், அதனால் இரண்டையும். பையன் இன்று ராத்திரி ஹாலில் படுக்கட்டும். பேட்டரி ஆறும்வரை கையை வைக்காதீர்கள். ஆறினபின் யு.பி.எஸ்ஸை அப்படியே தூக்கி, வெயில் படாத வராந்தாவில் வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நீங்களே மூடியைக் கழற்ற வேண்டாம். உப்பின பேட்டரி பெட்டிக்குள் இறுகிப் பிடித்திருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஓட்டை போட்டுக்கொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவர் என் கடையிலேயே வேலை பார்த்தவர். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், அவர்கள் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள். புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் கொஞ்சம் காசும் கழியும்.

இனி அந்த பெயின்ட் கடை நெடிக்கு வருவோம்.

இருபத்தாறு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறேன். எங்கள் வேலையில் மீட்டரை எடுப்பதற்கு முன்பே மூக்கு ஒரு முடிவுக்கு வந்துவிடும். கஸ்டமர் போனில் "ஏதோ ஸ்மெல் வருதுங்க" என்றால் எனக்கு ஒன்றும் புரியாது. தமிழில் சொல்லுங்கள் என்பேன், ஏனென்றால் நம்மிடம் அதற்கு எவ்வளவு வார்த்தை இருக்கிறது! நெடி வேறு, வீச்சம் வேறு, கவிச்சி வேறு, பொசுங்கல் வேறு. பொசுங்கல் என்றால் ஒயரோ, கனெக்டரோ, போர்டோ கருகுகிறது, உடனே நிறுத்து. மீன் கவிச்சி என்றால் மின்தேக்கி, அதாவது கபாசிட்டர், வாய் பிளந்து உள்ளே இருக்கிற திரவம் கசிந்திருக்கும். 2000-களின் தொடக்கத்தில் மட்டமான கபாசிட்டர்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மதர்போர்டுகளைக் காலி செய்தன, அந்த நாட்களில் என் கடை மீன் மார்க்கெட் மாதிரிதான் இருக்கும். சில வகைப் பிளாஸ்டிக் பிளக், சாக்கெட் சூடேறினாலும் இதே கவிச்சி வரும், அதனால் மீன் வாங்காத நாளில் மீன் வாடை அடித்தால் சுவர் பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். அழுகல் வீச்சம் என்றால் பல்லி. நூற்றுக்குப் பத்து கேஸ் பல்லிதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள், எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குள் கதகதப்பாக இருக்கிறதே என்று புகுந்து கருகிக் கிடக்கும்.

நீங்கள் நெடி என்று எழுதியிருக்கிறீர்கள், கண் எரிகிறது என்றும். சரி, புது பிளாஸ்டிக்கும் அப்படி வரும். கம்ப்யூட்டர் உறைகள் ஏ.பி.எஸ். என்கிற பிளாஸ்டிக்கிலோ அதன் கலப்பிலோ செய்யப்படுகின்றன, அதில் மிச்சமிருக்கும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். மதர்போர்டில் சால்டரிங் செய்தபோது, அதாவது உலோகத்தை உருக்கிப் பற்றவைத்தபோது, அதற்கு உதவியாகத் தடவிய ஃபிளக்ஸ், உள்ளே போட்ட பசை, ஒயரின் பி.வி.சி. உறை, பெயின்ட், எல்லாம் சூடேறும்போது வாசனை விடும். தொழிற்சாலையிலிருந்து அட்டைப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தது முதல் முறையாகச் சூடாகிறது, அவ்வளவுதான் விஷயம். இந்த வகை நெடியின் குணம், தினமும் ஓட ஓடக் குறைந்துகொண்டே வரும். முதல் வாரம் பலமாக இருக்கும், மூன்றாவது வாரம் மூக்கைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும்.

உங்களுக்கு மூன்று வாரமாகியும் அறை முழுக்க அப்படியே இருக்கிறது, கண் வேறு எரிகிறது. அங்கேதான் எனக்கு மேஜை மேல் சந்தேகம் வருகிறது.

கம்ப்யூட்டர் டேபிள் என்று இப்போது விற்பதில் முக்கால்வாசி மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை, மேலே மட்டும் மரம் மாதிரி ஒரு ஷீட். அந்தப் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மாதக்கணக்கில், சில சமயம் வருடத்துக்கும் மேல், மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சூடும் ஈரப்பதமும் கூடினால் வேகமெடுக்கும். ஈரோட்டு வெயிலில் பகல் முழுக்க மூடி வைத்த அறை என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணும் மூக்கும் எரிவது, தொண்டை கரகரப்பது, இதெல்லாம் அதன் வழக்கமான வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக் காற்றில் அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2010-ல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்தது. பயமுறுத்தச் சொல்லவில்லை, அந்த முடிவுக்கு அடிப்படையானது பெரும்பாலும் தொழிற்சாலைகளில் வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள் பற்றிய ஆய்வுகள். ஆனால் நீங்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு அதன் கீழே இருக்கிற பலகையைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். மேஜை இழுப்பறையை ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் திறந்து முகத்தை அருகில் கொண்டுபோங்கள். பளிச்சென்று கண்ணில் தைத்தால் குற்றவாளி மேஜைதான். அடுத்து, கம்ப்யூட்டரை இரண்டு நாள் ஹாலில் ஜன்னலோரம் வைத்து ஓட்டுங்கள், மேஜை அறையிலேயே இருக்கட்டும், ராத்திரி அறையைச் சாத்தி வைத்துக் காலையில் முகர்ந்து பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லாமலும் நெடி இருக்கிறதா? அப்படியே மவுஸ் பேடையும் முகர்ந்து பார்த்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், அறுபது ரூபாய் ரப்பர் மவுஸ் பேட் ஒன்று ஒரு ஆடிட்டர் ஆபீஸையே இரண்டு வாரம் நாறடித்தது, நான் இரண்டு முறை போய் சி.பி.யூ.வைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தேன், கடைசியில் கண்டுபிடித்தது அங்கே பெருக்க வரும் அம்மா. மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய பாதுகாப்பு ஷீட்டை இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். தூசி படாமல் இருக்க பி.வி.சி. கவர் போட்டிருந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள், பழைய பருத்தித் துண்டு போதும்.

மேஜைதான் என்று உறுதியானால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இழுப்பறைகளை உருவி மொட்டை மாடியில் நிழலில் வையுங்கள், மழை படாமல். ஷீட் ஒட்டாத பின்பக்கம், அடிப்பக்கம், வெட்டிய ஓரம், ஒயர் போகப் போட்ட ஓட்டை, இங்கிருந்துதான் வாயு அதிகம் வரும். தச்சரைக் கூப்பிட்டு அங்கெல்லாம் லேமினேட்டும் ஓரத்தை மூடும் பட்டையும் (எட்ஜ் பேண்ட்) ஒட்டச் சொன்னால் பெருமளவு அடங்கும். வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்பார், வேண்டாம், அது காய்ந்து வாசனை போகிறவரை இன்னொரு தலைவலி. அடுத்த முறை வாங்கும்போது பலகையில் ஈ-1 அல்லது ஈ-0 என்ற தரக்குறி இருக்கிறதா என்று கேளுங்கள், எண் குறையக் குறைய வாயு குறைவு. இல்லை, ஓர் இரும்பு மேஜை வாங்கிப் போடுங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏ.சி. பற்றி ஒரு வார்த்தை. ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அறையில் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதையே திரும்பத் தருகிறது. நெடியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் ஒரு மணி நேரம், ஏ.சி. போடுவதற்கு முன் அரை மணி நேரம், ஜன்னலும் எதிர்க் கதவும் திறந்து ஃபேனை ஓடவிடுங்கள். முடிந்தால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள், எந்தக் காற்றுச் சுத்திகரிப்பானையும்விட அதற்குப் பலன் அதிகம். ஏர் பியூரிஃபையர் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஹெபா ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதற்கு நிறையக் கரி இருக்கிற ஃபில்டர் வேண்டும். யாராவது மணி பிளான்ட் வை என்று சொல்லியிருப்பார்கள். 1989-ல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது, அடைத்த சின்னப் பெட்டிக்குள் செடி வைத்துச் செய்தது. 2019-ல் இத்தகைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், திறந்த ஜன்னல் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். அழகுக்கு வையுங்கள்.

இப்போது புற்றுநோய்ப் பயம். நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை, அதனால்தான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டர் சூடாகிற சாமான், தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக அதன் பிளாஸ்டிக்கில் தீத்தடுப்பு ரசாயனம் கலப்பார்கள். 2000-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மானிட்டர்களைச் சோதித்தபோது, அப்போதைய குண்டு மானிட்டர்கள்தான், பார்த்த 18-ல் 10-ன் உறையில் டிரைபினைல் பாஸ்பேட் என்ற பொருள் இருந்தது, மானிட்டர் ஓடும்போது அது காற்றில் கலப்பதையும் அளந்தார்கள். சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரக்கூடியது. புதிதில் அதிகம், மாதக்கணக்கில் ஓடியபின் வெகுவாகக் குறைவு, ஆனாலும் முழுக்க நிற்கவில்லை. அளவு என்று பார்த்தால் ஒரு கன மீட்டர் காற்றில் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்கிற நானோகிராம் கணக்கு.

இன்னொரு வகை புரோமின் கலந்த தீத்தடுப்பான்கள், நீங்கள் படித்த கட்டுரை பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் இருக்கும். இவற்றில் மோசமான பி.பி.டி.இ. வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் மின்னணுச் சாமான்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது, நம் நாட்டிலும் 2011-ன் மின்னணுக் கழிவு விதிகள் அதே வரம்பைக் கொண்டு வந்தன. ஆகவே 2000-ல் வாங்கிய மானிட்டருக்கு எழுதிய பயத்தை இன்றைய மானிட்டர் மேல் அப்படியே ஏற்ற வேண்டாம். அப்புறம் இவை எளிதில் ஆவியாகிற சரக்கு இல்லை, வாசனையும் பெரிதாகக் கிடையாது; மெல்லக் கழன்று தூசியில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் முகர்கிற நெடி ஒன்று, கட்டுரையில் படித்த ரசாயனம் வேறொன்று. அதற்கு வைத்தியம் ஜன்னல்கூட இல்லை, ஈரத்துணி. கீபோர்டு, மானிட்டர் பின்புறம், சி.பி.யூ. சுற்றியிருக்கும் தூசியை வாரம் ஒருமுறை, மெஷினை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள், கீபோர்டில் கை வைத்துவிட்டு அப்படியே முறுக்கு சாப்பிடாமல் கை கழுவச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற தூசியை பிளோயர் வைத்து ஊதுவதானால் வெளியே கொண்டுபோய் ஊதச் சொல்லுங்கள், பையன் அருகில் வேண்டாம்.

நாற்றம் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்று கணக்கு இல்லை என்பதற்கு ஒரு கதை. 2013-ல் டெல் நிறுவனத்தின் லேட்டிட்யூட் 6430யு என்ற லேப்டாப்பை வாங்கியவர்கள் கீபோர்டிலிருந்து பூனை மூத்திர வாடை வருகிறது என்று புகார் செய்தார்கள். சிலர் பாவம், வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் கம்பெனியே ஒப்புக்கொண்டது: தயாரிப்பு முறையில் வந்த கோளாறு, பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்புக்குக் கெடுதல் இல்லை, கை வைக்கும் பகுதியை மாற்றித் தருகிறோம் என்று.

எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் நானே. சால்டரிங் புகையில் ஈயம் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்; ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும், சால்டரிங் அயர்ன் 350 டிகிரி சுமாருக்குத்தான் சுடும், ஈயம் ஆவியாகாது. அதனால் தைரியமாக, மின்விசிறிகூட இல்லாமல், பத்து வருடம் முகத்தைக் குனிந்து வைத்துப் பற்றவைத்தேன். அந்தப் புகை ஃபிளக்ஸில் இருக்கிற பைன் மரப் பிசின், ஊதுபத்தி மாதிரி எனக்குப் பிடித்த வாசனை. காலையில் இருமல் நிற்காமல் போய் டாக்டரிடம் உட்கார்ந்தபோது அவர் முதல் கேள்வியாக என்ன தொழில் என்று கேட்டார். அந்தப் பிசின் புகை தொழில்வழி ஆஸ்துமா உண்டாக்குவதில் பேர் போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்ல வாசனை, நுரையீரலுக்கு ஆகாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாம்பிராணி. உங்கள் மாமியாரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள், பேரன் மேல் இருக்கிற பாசத்தில் செய்கிறார். ஆனால் வீசிங் பையன் தூங்குகிற, ஜன்னல் திறக்காத அறையில் புகை போடுவது நெடியை மறைக்குமே தவிர நீக்காது, நுண்துகளைக் கூட்டும். கொசுவத்திச் சுருளும் அப்படித்தான்: 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75-லிருந்து 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்தார்கள், ஃபார்மால்டிஹைடும் 51 சிகரெட் அளவு வரை வரலாம். உங்கள் கம்ப்யூட்டர் எத்தனை நாள் ஓடினாலும் இதன் பக்கத்தில் வராது. சாம்பிராணியைப் பூஜை அறையிலோ வாசலிலோ போடச் சொல்லுங்கள், "டாக்டர் சொன்னார்" என்று சொன்னால் கேட்பார், நான் சொன்னேன் என்றால் கேட்க மாட்டார். எலுமிச்சை வாசனை ஸ்பிரேயும் வேண்டாம்.

டாக்டர் என்றதும், பையனை எப்படியும் அவனைப் பார்க்கும் டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். மூன்று வாரமாக அறையில் என்ன மாறியது, முட்டை நாற்றம், மேஜை, சாம்பிராணி, எல்லாவற்றையும் சொல்லுங்கள். இன்ஹேலர் தேவை கூடியிருக்கிறதா, ராத்திரி இருமுகிறானா என்று குறித்துக்கொண்டு போங்கள். நான் மெஷின் டாக்டர், அவனுக்கு என்னால் சொல்ல முடிந்தது அந்த அறையில் படுக்க வேண்டாம் என்பது மட்டும்தான். உங்கள் தலைவலியில் கொஞ்சம் திரையின் கணக்கிலும் எழுத வேண்டியிருக்கும், திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடும், கண் வறண்டு எரியும். அறைக்கு வெளியே போனதும் எரிச்சல் நின்றால் காரணம் காற்று, நிற்காவிட்டால் கண் டாக்டர்.

கணவர் மகளின் புராஜெக்டுக்கு லேசர் பிரிண்டர் வாங்க நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 2007-ல் 62 பிரிண்டர்களைச் சோதித்ததில் 17 நுண்துகளை அதிகமாகக் கக்கின, பெரும்பாலானவை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை; வெளியே பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது. பழைய மாடல்கள் ஓசோனும் விடும், இடி இடித்தபின் வருகிற மாதிரிக் காரமான வாசனை. வாங்குங்கள், ஆனால் இந்த அறையில் வேண்டாம், ஹாலில் ஜன்னலோரம். எப்போதாவது பத்துப் பக்கம்தான் என்றால் பக்கத்து ஜெராக்ஸ் கடையே போதும்.

உங்கள் வீட்டில் லேப்டாப்போ பழைய போனோ இருந்தால் அதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி இனிப்பாக ஒரு வாசனை வந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றாலோ, அது லித்தியம் பேட்டரி. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தி உட்கார வைக்காதீர்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். அணைத்து, தரை மேல், எரியக்கூடிய சாமான் இல்லாத இடத்தில் வெளியே வைத்துவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆக, கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு: இப்போதைக்கு வேண்டாம். ஹாலில் பத்து நாள் பகலில் நன்றாக ஓட்டுங்கள், படமோ கேமோ எதுவோ, சூடேற வேண்டும், யாரும் இல்லாத நேரத்தில் மட்டும் ஓடவிடாதீர்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள். பத்து நாளுக்கு அப்புறமும் பின்பக்க ஃபேனிலிருந்து வருகிற காற்றில் நெடி குறையவில்லை, அல்லது ஒருநாள் திடீரென்று பொசுங்கல் வந்தது என்றால் உடனே அணைத்து வாரன்ட்டியில் கொண்டுபோங்கள், முதலில் எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். "புதுசுன்னா அப்படித்தான்" என்று மறுபடி சொன்னால், பிளக்கைப் போட்டுக் கடைக்காரரையே ஃபேனுக்குப் பின்னால் நின்று முகரச் சொல்லுங்கள்.

பேட்டரியை மாற்றியதும், அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்ததும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். மேஜை மேல் என் சந்தேகம் தப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள், அப்போது அடுத்து ஏ.சி.யின் டிரெயின் பைப்பைப் பார்க்கலாம்.